வாய்விட்டுச் சொன்ன பெயர்

முதல் ரத்தம் வெள்ளை மண்ணின் மேல்தான் விழுந்தது.

விருத்தாசலத்தில், செராமிக் தொழிற்பேட்டையில், ஒரு சின்ன கம்பெனியில் எனக்கு வேலை. பீங்கான் ஃபியூஸ் கட்டைகளை அச்சிலிருந்து எடுத்துக் காயவைப்பார்கள். சூளைக்குப் போகும் முன் அவற்றின் பிசிறை பிளேடால் சீவி விடுவது என் வேலை. அன்று சீவிக்கொண்டிருக்கும்போதே இருமல் வந்தது. முந்தானையை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பலகையில் அடுக்கியிருந்த கட்டைகள் மேல் சிவப்பாகத் தெறித்தது. சுடாத மண் எதையும் உடனே உறிஞ்சிக்கொள்ளும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தச் சிவப்பு பழுப்பாகி உள்ளே இறங்கியது. நான் பிளேடை எடுத்து அந்த இடத்தையும் சீவிவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் யாரும் கவனிக்கவில்லை.

இதெல்லாம் நடந்தது இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம். இப்போது எழுதுவதற்குக் காரணம், என்னைப் போல் மண்தூசியில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கு இந்த நோய் எப்படி வருகிறது என்று தெரியட்டும் என்பது ஒன்று. இன்னொன்று அந்த ஆஸ்பத்திரியில் நான் வாய்திறந்து பேசிய ஒரு பேச்சு. நோயைவிட அதற்குத்தான் நான் அதிகம் பயந்தேன்.

சில வருஷங்களுக்கு முன்பே எனக்குக் காசநோய் வந்து, மாத்திரை முழுவதும் சாப்பிட்டுச் சரியாகியிருந்தது. அதனால் ரத்தம் என்று சொன்னதும் உள்ளூர் டாக்டர் மறுபடி அதுதான் என்று நினைத்தார். சளியைச் சோதித்தார்கள். கிருமி இல்லை என்று வந்தது. இருந்தாலும் மாத்திரை தொடர்ந்தது. நான் இளைத்துக்கொண்டே போனேன். ரத்தம் நிற்பதும் வருவதுமாக இருந்தது. நிற்கிற நாட்களில்தான் எனக்கு அதிக பயம். உள்ளே எங்கேயோ சேர்ந்துகொண்டிருக்கிறது என்று தோன்றும்.

கடைசியில் ஸ்கேன் எடுத்தார்கள். படத்தை அந்த டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்து, "மெட்ராஸுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிடுங்க. தள்ளிப்போடாதீங்க" என்றார்.

சென்னைக்கு வெளியே ஒரு பெரிய அரசு ஆஸ்பத்திரி. அங்கேதான் விஷயத்தைப் புரியும்படி சொன்னார்கள். பழைய காசநோய் ஆறும்போது என் வலது நுரையீரலின் மேல்பாகத்தில் ஒரு குழியை விட்டுவிட்டுப் போயிருந்தது. அந்தக் குழிக்குள் காற்றில் வந்த ஒரு வகைப் பூஞ்சை தங்கி, பழைய சோற்றில் பூக்கிற மாதிரி வளர்ந்து, உருண்டையாகிவிட்டது. அந்த உருண்டை குழியின் சுவரில் உரச உரச, அங்கிருக்கும் ரத்தக்குழாய் அரிபடுகிறது. போதாததற்கு இரண்டு நுரையீரலிலும் மண்தூசி பொட்டுப் பொட்டாகப் படிந்திருந்தது. தூசியை எடுக்க முடியாது. உருண்டை இருக்கும் பாகத்தை வெட்டி எடுக்கலாம்.

"வெட்டலன்னா?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

ஆபரேஷன் செய்யப்போகும் டாக்டர் இளம் வயதுக்காரர். சுற்றி வளைக்காமல் பேசுவார். "ஒரு நாள் அந்தக் குழாய் உடையும். அப்ப நாங்க பக்கத்துல இருந்தாலும் காப்பாத்த முடியும்னு சொல்ல முடியாதும்மா" என்றார்.

என் வீட்டுக்காரர் பெயர் ராசேந்திரன். அதே கம்பெனியில் சூளைக்குள் வண்டி தள்ளுகிறவர். அங்கேதான் பழகினோம். நான் சேத்தியாத்தோப்புப் பக்கம் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள். ஞானஸ்நானம் கொடுத்து வைத்த பெயர் எஸ்தர். அவர் கம்மாபுரத்துக்குப் பக்கத்தில் விவசாயக் குடும்பம். கல்யாணப் பேச்சு வந்தபோது அவருடைய அண்ணன் கலியபெருமாள் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"கோயில்ல தாலி கட்டணும். பொட்டு வைக்கணும். அந்த ஏசு பேச்சு எங்க வூட்டுக்குள்ள வரக்கூடாது. சம்மதம்னா எங்களுக்கும் சம்மதம்."

யாரும் என்னை இழுத்துக்கொண்டு போகவில்லை. நானே சரி என்றேன். மாமியார் ஈஸ்வரி என்று பெயர் மாற்றினார். எஸ்தருக்கும் ஈஸ்வரிக்கும் பெரிய தூரம் இல்லை என்று அப்போது சிரித்துக்கொண்டேன். ஜெபிப்பதை மட்டும் நிறுத்தவில்லை. பாத்திரம் தேய்க்கும்போதும், வேலையிடத்தில் பிசிறு சீவும்போதும், உதடு அசையாமல் ஜெபிக்கப் பழகிக்கொண்டேன். வீட்டுக்காரருக்குத் தெரியும். தெரிந்த மாதிரி காட்டிக்கொண்டதில்லை. எங்கள் பெண் மலருக்குக்கூட நான் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் எனக்குத் துணைக்கு இருந்தது தனம் அண்ணி. வீட்டுக்காரருடைய அக்கா. நாத்தனார்தான், ஆனால் அண்ணி என்றே கூப்பிடுவேன். புருஷன் இல்லாதவர். பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு விருத்தாசலம் மார்க்கெட்டில் கீரை விற்றுக்கொண்டிருந்தார். நான் படுக்கையில் விழுந்த அன்றே கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு ரயிலேறி வந்துவிட்டார். ரத்தம் துப்பும் சட்டியைக் கழுவி வைப்பார். என் தலையைச் சிக்கெடுத்துப் பின்னிவிடுவார். பழமலைநாதர் கோயில் திருநீற்றை ஒரு தாளில் மடித்து என் தலையணைக்குக் கீழே வைத்திருந்தார். அதை எடுங்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அதில் அவருடைய கவலை இருந்தது.

அது நீளமான வார்டு. இரண்டு பக்கமும் இரும்புக் கட்டில்கள். எந்நேரமும் எங்கேயாவது ஒரு இருமல். சில இருமல் முடியும், சில முடியாமல் போய்க்கொண்டே இருக்கும். அப்போது எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் பார்ப்பார்கள். இரவில் விளக்கை அணைத்தபிறகு, மூச்சை வைத்தே யார் எந்தக் கட்டில் என்று சொல்லிவிடலாம். காலையில் ஒரு மூச்சு குறைந்திருக்கும்.

என் பக்கத்துக் கட்டிலில் பூரணி அக்கா. அவர் வாயைத் திறந்ததுமே நம் பக்கத்து ஆள் என்று தெரிந்துவிட்டது. "எந்த வூரு நீ?" என்றுதான் முதலில் கேட்டார். கம்மாபுரத்துப் பக்கம். நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் போய், புது இடத்தில் வீடு கட்டிக்கொண்ட குடும்பம். நெஞ்சுக்கூட்டுக்குள் நீர் கோர்த்துக்கொண்டே இருந்தது. விலாவில் ஊசி போட்டு எடுப்பார்கள், சில நாளில் மறுபடி கோர்க்கும். அந்த நீரில் ரத்தம் கலந்திருந்தது. புற்றுநோய் என்று டாக்டர்கள் மகனிடம் சொல்லியிருந்தார்கள். மகன் சக்திவேல் தாயிடம் சொல்லவில்லை. "சளிதாம்மா" என்பான். அவரும் "ஆமாடா, சளிதான்" என்பார். அவன் முகத்தைத் திருப்பியதும் என்னைப் பார்ப்பார். அவருக்குத் தெரியும்.

எனக்கு மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு நுரையீரலுக்குள் பார்க்கும் சோதனை நடந்தது. தொண்டை மரத்துப்போக மருந்து அடிப்பார்கள். மயக்கமும் லேசாகக் கொடுத்தார்கள். திரும்பி வந்து கட்டிலில் கிடந்தபோது என்னையறியாமல் ஏதோ முனகியிருக்கிறேன். அண்ணி டீ வாங்கப் போயிருந்த நேரத்தில் பூரணி அக்கா இந்தப் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"ஏசப்பா, ஏசப்பான்னு கூப்புட்டியே. நீ வேதக்காரியா?"

"இல்லக்கா. மயக்கத்துல ஏதோ..." என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்குக் கொடுக்க வேண்டிய எதையோ நான் கொடுக்காமல் பிடித்து வைத்துக்கொண்ட மாதிரி இருந்தது எனக்கு.

அதற்குப் பிறகு ஒரு நாள், சாப்பாட்டு நேரம் முடிந்து வார்டு அமைதியாக இருந்தபோது, எனக்குப் பெரிய ரத்தம் வந்தது. முதலில் தொண்டைக்குள் சூடாக ஏதோ ஏறியது. எழுந்து உட்கார்ந்தேன். சட்டி நிறைந்தது. பூஞ்சைக் குழி இருக்கும் பக்கமாக என்னைச் சாய்த்துப் படுக்கவைத்தார்கள். அந்தப் பக்கம் கீழே இருந்தால்தான் நல்ல நுரையீரலுக்குள் ரத்தம் போகாதாம். மூச்சு எடுக்கும்போதெல்லாம் உள்ளே தண்ணீர் கொதிக்கிற மாதிரி சத்தம் கேட்டது. அண்ணி என் காலைப் பிடித்துக்கொண்டு, "ஈஸ்வரி, கண்ண மூடாத. ஈஸ்வரி, என்னப் பாரு" என்று கத்திக்கொண்டிருந்தார். அந்தப் பெயரைக் கேட்டபோது, இவர் யாரைக் கூப்பிடுகிறார் என்று ஒரு நொடி தோன்றியது. சாகப்போகிறேன் என்றே நினைத்தேன். என்னைப் பெற்றவளைத் தவிர வேறு யாரும் என்னை முழுசாகத் தெரிந்துகொள்ளாமலே போகப்போகிறேன் என்று ஒரு பெரிய துக்கம் வந்தது.

ஊசி போட்டு ரத்தத்தை நிறுத்தினார்கள். டாக்டர் வந்து நாடி பார்த்துவிட்டு அண்ணியிடம் சொன்னார். "இது எச்சரிக்கை. இனி காத்திருக்க முடியாது. ரத்தம் குடுக்க நாலு பேர வரச் சொல்லுங்க. ரத்தம் கையில இல்லாம இவங்கள தியேட்டருக்குள்ள எடுக்க மாட்டேன்."

பெரிய மாமா கலியபெருமாளுக்குப் போன் போனது. பங்காளிப் பையன்கள் நாலு பேரை ரயிலேற்றி அனுப்புகிறேன் என்று உடனே சொன்னார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அதுவரை எனக்காக ஓடியவர்தான்.

மறுநாள் பார்வையாளர் நேரம். வெயில் ஜன்னல் வழியாக வார்டுக்குள் விழுந்திருந்தது. அண்ணி சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தார். சக்திவேல் தாயின் கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். பூரணி அக்காவுக்கு அன்று மூச்சு வாங்கியது. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தார். திடீரென்று எல்லோருக்கும் கேட்கும்படி என்னைப் பார்த்துச் சொன்னார்.

"யம்மா ஈஸ்வரி. நேத்து அவ்ளோ ரத்தம் போச்சே, உனக்குப் பயமா இல்லையா? உன் உதடு ஆடிக்கினே இருந்துச்சு. நான் பாத்தேன். யார்கிட்ட பேசினே? அன்னைக்கு மாதிரி இல்லன்னு சொல்லாத."

அண்ணியின் கை சாத்துக்குடியின் மேல் நின்றது. சக்திவேல் நிமிர்ந்து பார்த்தான்.

இல்லை என்று சொல்வது சுலபம். வார்த்தை வாய்வரை வந்துவிட்டது. மதம் மாற்றுவதற்கு எதிராகச் சட்டம் வந்திருந்த சமயம் அது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எங்களில் யாருக்கும் சரியாகத் தெரியாது. ஆனால் டீக்கடை வரை அந்தப் பேச்சு வந்திருந்தது. ரத்தம் கொடுக்கிறவர்கள் ஊரிலிருந்து வரவேண்டியிருக்கிறது. எல்லாம் எனக்குத் தெரியும். நெஞ்சு அடித்துக்கொண்டதில் மறுபடி ரத்தம் வந்துவிடுமோ என்றுகூடப் பயந்தேன்.

"ஏசப்பாகிட்ட பேசினேன்க்கா" என்றேன். "சின்ன வயசுலேருந்து அவர்கிட்டதான் பேசறேன். என் பேரு எஸ்தர்."

சொன்ன பிறகு அண்ணியைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

பூரணி அக்கா மெதுவாக மூச்சை இழுத்துக்கொண்டார். "எனக்கு நல்லாயிடுமான்னு நான் கேக்கல. எனக்கு என்னான்னு எனக்குத் தெரியும். சாவும்போது ஒத்தையிலயா போவணும்? அத மட்டும் சொல்லு."

"எம்மா!" என்றான் சக்திவேல்.

"நீ சும்மா இரு. நான் அவளக் கேக்கறேன்."

எனக்குப் பிரசங்கம் எல்லாம் தெரியாது. தெரிந்ததைச் சொன்னேன். "ஒத்தையில போவ வேணாம்க்கா. அவரும் வலியோட செத்தவருதான். செத்து, திரும்ப எழுந்தாருன்னு நான் நம்பறேன். அதனால அந்த வழி அவருக்குத் தெரியும். கூப்பிட்டா வருவாரு. நான் நம்பறது இவ்ளோதான். கும்பிட்டா நோய் போயிடும்னு நான் உங்ககிட்ட சொல்ல மாட்டேன். என் நோயே போவல."

"எப்பிடிக் கூப்புடறது?"

"நம்ம பேசற மாதிரிதான். ஏசப்பா, பயமா இருக்குது, பக்கத்துல இரு, கைய விடாத. அவ்ளோதான்."

சக்திவேல் எழுந்த வேகத்தில் ஸ்டூல் விழுந்தது. "சாவக் கெடக்குறவகிட்ட மதம் மாத்துறியா நீ? ஏன், வெளியில ஆளு கிடைக்கலையா? போலீஸ்ல எழுதிக் குடுத்தா என்னா ஆவும் தெரியுமா?" என்று கத்தினான். தாயிடம் மறைத்து வைத்திருந்ததைத் தன் வாயாலேயே சொல்லிவிட்டோம் என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். முகம் கோணிப்போனது. அழுகையை அடக்கிக்கொண்டு வெளியே போனான். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

நர்ஸ் வந்து என்னைத்தான் கண்டித்தார். "இங்க சாமி பேச்செல்லாம் வேணாம்மா. எல்லா மாதிரி ஆளுங்களும் இருக்காங்க." அன்றே பூரணி அக்காவை வார்டின் மறுகோடிக்கு, ஜன்னலோரக் கட்டிலுக்கு மாற்றினார்கள். தள்ளிக்கொண்டு போகும்போது அவர் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

அண்ணி சாத்துக்குடியைத் தட்டில் வைத்துவிட்டுத் தன் துணிகளைப் பையில் எடுத்துவைக்க ஆரம்பித்தார்.

"அண்ணி..."

"இத்தினி வருஷம் ஒரே வூட்டு ஆளா இருந்தோமேடி. உன் பீத்துணிய அலசினேன். எனக்குக்கூடச் சொல்லத் தோணலையா உனக்கு? நேத்து வந்தவகிட்ட சொல்ற."

மதத்தைப் பற்றித் திட்டுவார் என்று நினைத்திருந்தேன். பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அன்று முழுவதும் நான் தனியாகக் கிடந்தேன். விளக்கு வைக்கிற நேரத்தில் திரும்பி வந்தார். கேட்டுக்குப் பக்கத்து மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தாராம். "உன்ன இப்பிடி விட்டுட்டுப் போவ எனக்குக் கால் வரல. ஆனா பேச்சு வெச்சிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு என் முகத்தைத் துடைத்துவிட்டார். தலையணைக்கடியில் இருந்த திருநீற்றை எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார்.

ரத்தம் கொடுக்க வரவேண்டியவர்கள் வரவில்லை.

சக்திவேல் ஊருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லியிருந்தான். கலியபெருமாள் மாமாவும் அவன் அப்பாவும் தெரிந்தவர்கள். "வாக்குக் குடுத்துட்டு மோசம் பண்ணவளுக்கு எங்க பசங்க ரத்தம் எதுக்கு? அவ ஏசுவே குடுக்கட்டும்" என்றாராம் மாமா. ஆபரேஷனுக்குக் குறித்திருந்த நாள் வந்து, போனது. என் இடத்தில் வேறொருவரைத் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போதெல்லாம் "ஆள் வந்தாச்சா?" என்பார். இல்லை என்றால் அடுத்த கட்டிலுக்குப் போவார். ஒவ்வொரு இருமலையும் பாதியில் நிறுத்தப் பார்த்தேன். சத்தமாகப் பேச மாட்டேன், சிரிக்க மாட்டேன், வேகமாகத் திரும்பிக்கூடப் படுக்க மாட்டேன். உடம்புக்குள் மெல்லிய சுவருக்குப் பின்னால் ஏதோ காத்திருக்கிறது. அது தூங்கட்டும் என்று அசையாமல் கிடந்தேன்.

நான் பேசியது தப்போ என்று அந்த நாட்களில் நினைக்காமல் இல்லை. மலரை நினைத்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் காலையில் கண் விழித்ததும், மறுகோடியிலிருந்து பூரணி அக்கா கையைத் தூக்குவார். அந்தக் கை நாளுக்கு நாள் குறைவாக உயர்ந்தது.

வீட்டுக்காரர் வந்தார். விஷயம் எல்லாம் அவருக்கு வந்து சேர்ந்திருந்தது. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"சரி. எங்கண்ணன் இனிமே வூட்டுக்கு வராது."

"கோவமா உங்களுக்கு?"

"எனக்கென்னா கோவம்? நீ வாய மூடிக்கினு கும்பிடறதப் பாத்துப் பாத்து எனக்கே மூச்சு முட்டும்." அவர் அடுத்த ரயிலுக்கே ஊருக்குத் திரும்பிப் போனார்.

திரும்பி வந்தபோது கம்பெனி ஆட்கள் சிலரை அழைத்து வந்திருந்தார். சூளைக்காரர், அச்சு வார்க்கிற இரண்டு பேர், என்னோடு பிசிறு சீவும் மும்தாஜ். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். மும்தாஜுக்கு ரத்தமே குறைவாக இருக்கிறது என்று எடுக்க மறுத்துவிட்டார்கள். அவள் வெளியே வந்து என்னைக் கட்டிக்கொண்டு, "என்கிட்டயும் இல்லடி, என்னா பண்ணுவேன்" என்று அழுதாள். சூளைக்காரர் தனக்குத் தெரிந்த ஒரு லாரி டிரைவரைப் பிடித்து நாலாவது ஆளாகக் கொண்டுவந்தார். அவர்கள் ரத்தம் நேராக எனக்கு ஏறாது. அது வங்கியில் சேரும், எனக்குப் பொருந்துகிற ரத்தத்தை அங்கிருந்து கொடுப்பார்கள். யாருடையது என்னுள் ஓடியது என்று எனக்குத் தெரியாது.

ஆபரேஷனுக்கு அழைத்துப்போகும் காலையில் அண்ணி பேசாமலே என் தலையைப் பின்னிவிட்டார். வளையலைக் கழற்றி வாங்கிக்கொண்டார். கதவருகே வந்ததும் நான் மறுகோடியைப் பார்த்தேன். பூரணி அக்கா கண் மூடியிருந்தார். முகத்தில் ஆக்ஸிஜன் வைத்திருந்தார்கள்.

தியேட்டருக்குள் குளிர். முதுகுக்குக் கீழே இரும்பு. மயக்க மருந்து கொடுக்கிறவர் என் பெயரைக் கேட்டார். "எஸ்தர்" என்றேன். அவர் கையிலிருந்ததைப் பார்த்து, "ஈஸ்வரின்னு இருக்குதே?" என்றார். ரெண்டும் நான்தான் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே நினைவு போனது.

விலா எலும்புகளை விலக்கி, நுரையீரலின் மேல்பாகத்தை வெட்டி எடுத்திருந்தார்கள். நினைவு வந்தபோது பக்கவாட்டில் ஒரு குழாய் நெஞ்சுக்குள்ளிருந்து வெளியே வந்து, தரையில் இருந்த தண்ணீர் பாட்டிலுக்குள் இறங்கியிருந்தது. மூச்சு விடும்போதெல்லாம் அதில் குமிழி வரும். உள்ளே தங்கிய காற்றும் ரத்தமும் அதன் வழியாக வெளியேறினால்தான் மீதி நுரையீரல் விரியுமாம். இரும வேண்டும் என்று அதட்டினார்கள். இத்தனை நாள் இருமலை அடக்கியவளுக்கு அதுதான் பெரிய தண்டனை. வலி என்றால் கத்தியை உள்ளேயே விட்டுவிட்டார்களோ என்கிற வலி.

வார்டுக்குத் திரும்பிய அன்று முதலில் ஜன்னல் பக்கம்தான் பார்த்தேன். கட்டிலில் மெத்தை இரண்டாக மடிக்கப்பட்டு, மேலே ரப்பர் விரிப்பு கிடந்தது.

"எப்ப?" என்றேன்.

"நீ தியேட்டருக்குப் போன அன்னைக்கே. சாயந்திரம்" என்றார் அண்ணி. வேறு ஒன்றும் சொல்லவில்லை.

ஊருக்குத் திரும்பினேன். குணமாகிவிட்டேன் என்று சொல்லலாம். முழுவதும் இல்லை. படிந்த தூசி அப்படியேதான் இருக்கிறது. மாடிப்படி ஏறினால் நடுவில் நிற்க வேண்டும். பூஞ்சை வேறொரு இடத்தில் மறுபடி வரலாம், கவனமாக இருங்கள், மண் வேலைக்குப் போகவே கூடாது என்று அனுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வேதக்கோயிலுக்குப் போகிறேன். பைபிளைத் துணியில் சுற்றாமல் கையில் எடுத்துக்கொண்டு, எங்கள் தெரு வழியாகவே போகிறேன். கலியபெருமாள் மாமா எங்களோடு உறவை முறித்துக்கொண்டார். அவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பத்திரிகை வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்தபோது வாசல் கதவில் சாணியை அடித்திருந்தார்கள். யார் என்று தெரியவில்லை. வீட்டுக்காரர் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். அதிலிருந்து மலரைத் தனியாக வெளியே விடுவதில்லை. அவளிடம் இப்போது எல்லாம் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் வீட்டுக்குப் போகக்கூடாது என்று அண்ணியிடமும் சொல்லியிருந்தார்கள். மாதக்கணக்கில் அவர் வரவில்லை. மார்க்கெட்டில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டார், பேசவும் மாட்டார். பிறகு ஒரு மத்தியானம் கூடையோடு வந்து நின்றார். விற்காமல் மிச்சமான முருங்கைக்கீரையைக் கொட்டிவிட்டு, தரையில் உட்கார்ந்து உருவ ஆரம்பித்தார். நானும் எதிரில் உட்கார்ந்தேன்.

கீரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அந்தப் பூரணி போவும்போது நான்தான் இருந்தேன். நீ உள்ளார இருந்த. தியேட்டர் வாசல்ல ஒக்காந்து ஒக்காந்து முடியாம, வார்டுக்கு வந்தேன். அவ மவன் மருந்து வாங்க ஓடியிருந்தான். என்னப் பாத்து அந்தப் பொண்ணு எங்கன்னா. ஆபரேஷன்னேன். அது சொன்னத நீ சொல்லுன்னா."

நான் கையிலிருந்த கீரையைக் கீழே வைத்தேன்.

"எனக்கு என்னாடி தெரியும்? பழமலைநாதரத் தவிர வேற யாரையும் கூப்புட்டதில்ல நான். ஆனா அவ என் கையப் புடிச்சிக்கினா, விடல. அன்னைக்கு நீ சொன்னியே, அத அப்பிடியே சொன்னேன். ஏசப்பா, இவளுக்குப் பயமா இருக்குது, பக்கத்துல இரு, கைய விடாதன்னு. அவ பின்னாலேயே சொன்னா. அப்புறம் இவளுக்குத் தண்ணி தாகமா இருக்குது, அதயும் பாருன்னு நானாச் சேத்துச் சொன்னேன். மவன் வந்து வாசப்படியிலயே நின்னுட்டான். கேட்டான். ஒண்ணும் சொல்லல. வந்து அந்தப் பக்கத்துக் கையப் புடிச்சிக்கினான்."

அண்ணி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "எனக்குன்னு அவர்கிட்ட ஒண்ணும் கேக்கல, ஆமா. அதத் தெரிஞ்சிக்க. நான் எங்க சாமிய மாத்தல."

"மாத்தச் சொல்லலையே அண்ணி."

"அவருக்குக் கேட்டிருக்குமா? நான் வேற ஆளாச்சே."

"கேட்டிருக்கும்" என்றேன். அழுகையோடு இருமலும் வந்தது. வாயில் வைத்த துணியை எடுத்தபோது, அதில் நூல் மாதிரி ஒரு சிவப்பு. நாலைந்து நாளாகவே அது வந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்தேன். துணியை மடிக்காமல் அண்ணியிடம் காட்டினேன்.

அவர் அதை வாங்கிப் பார்த்தார். உருவிய கீரையை முறத்தில் அள்ளி வைத்துவிட்டு எழுந்தார்.

"காலையில மொத ரயிலுக்குப் போயிடலாம். நான் தொணைக்கி வரேன்."

"பெரிய மாமாவுக்குத் தெரிஞ்சா?"

"தெரியட்டும்" என்றார்.